பாதி அட்டை

அஞ்சு மட்டும் குடும்மா, என்பார் தேவகிருபை.
மகன் எபினேசருக்கு.
பத்தும் வாங்கினால் பால்காரருக்கு இருக்காது.
கத்தரியால் அட்டையை நறுக்கி
மருந்தின் பேர் இருக்கிற பாதி அவருக்கு,
காலாவதித் தேதி இருக்கிற பாதி
என் இழுப்பறைக்கு.
பதினோரு வருஷமாக இந்த அயனாவரம் கடையில்
நான் வெட்டியதையெல்லாம் கோத்தால்
தெருவுக்கே தோரணம் கட்டலாம்.

செவ்வாய்க்கிழமை அவர் வரவில்லை.
புதன்கிழமை போலீஸ் வந்தது,
பிளாஸ்டிக் உறைக்குள் என் பாதி அட்டையோடு.
ஐந்தில் இரண்டு பிதுக்கியிருந்தது.
மூன்று அப்படியே.

அந்த மூன்றை வைத்துத்தான் ஊர் பேசியது.
சாப்பிடல, அதான் இப்படி, என்றார்
ரயில்பெட்டி ஆலையில் ஓய்வுபெற்ற தாமோதரன்.
அந்த ரெண்டச் சாப்பிட்டதுனாலதான் சார்,
மூளைய உருக்கிடும், என்றார் ஆட்டோ கோதண்டம்,
தன் அல்சர் மாத்திரையை எண்ணிக்கொண்டே.
பைத்தியம்னா தெருவுல போறவன இல்ல வெட்டணும்,
பெத்தவளத் தேடிப் போகத் தெரிஞ்சுதா?
இதைக் கேட்டவர் சர்க்கரைக்கு மருந்து வாங்க வந்தவர்.
பதில் வரட்டும் என்று
மீதிச் சில்லறையை எடுக்காமல் நின்றார்.

எல்லாருக்கும் பின்னால் வேணி டீச்சர்.
எட்டு வருஷமாக அதே மாத்திரை, அதே மில்லிகிராம்.
பிளஸ் டூவுக்குக் கணக்கு எடுக்கிறார்,
ஒரு வேளை தவறவிட்டதில்லை.
மடித்த சீட்டு உள்ளங்கையில் இருந்தது.
கீழ்ப்பாக்கம் கேசுங்கள வெளிய விட்டா வேற என்ன ஆகும்,
என்று யாரோ முடித்து வைத்தபோது
இருமல் மிட்டாய் ஒன்று வாங்கிக்கொண்டு போனார்.
இப்போது பெரம்பூர் பக்கம் வாங்குகிறாராம்.
வாங்குகிறார் என்றுதான் நம்புகிறேன்.

கோர்ட்டில் கேட்டார்கள்:
மருந்து கொடுத்தீர்களா?
கொடுத்தேன்.
அவர் உட்கொண்டாரா?
தெரியாது ஐயா.
தெரிந்த ஒன்றை யாரும் கேட்கவில்லை.

ஒரு மழைநாள், கடையில் ஆளில்லை.
பொடி பண்ணி ரசத்துல போட்டா வீரியம் போயிடுமா,
என்று குரலைத் தாழ்த்தினார் தேவகிருபை.
கையில குடுத்தா துப்பிடறான்மா.
டாக்டரக் கேளுங்க, என்றேன்.
குடையை விரித்து அவர் படியிறங்கும்போது
வாய் சும்மா இருக்காமல்
ரசம் வேணாம், சூடு. மோர்ல போடுங்க, என்றேன்.

அம்மா விஷம் வைக்கறான்னு கத்திக்கிட்டே இருந்தான்,
என்றார் பக்கத்து வீட்டுச் சாட்சி.
ஒரு வக்கீல் அதை நோய் என்று குறித்துக்கொண்டார்.
இன்னொருவர் முன்விரோதம் என்று.
மோர், என்று நான் நினைத்தேன்.
நினைத்ததை அங்கே யார் எழுதிக்கொள்கிறார்கள்?

போன மாதம் ஜெபமலர் வந்தாள், அவன் தங்கை.
புழலிலிருந்து நேராக.
இப்ப வேளாவேளைக்குக் குடுக்கறாங்கக்கா,
வாயத் தொறக்கச் சொல்லி நாக்குக்கு அடியில கூட பாக்கறாங்க.
தேறிட்டு வரான்.
நல்லதுதானே, என்றேன்.
ஆமா, என்றாள்.
அதான் பத்து நாளா அழறான்.
அம்மா ஏன் பாக்க வரலன்னு கேக்கறத
நிறுத்திட்டான்.

அவளுக்குத் தலைவலித் தைலம் கொடுத்தேன்.
காசு வேண்டாம் என்றேன். வைத்துவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலம் எழுதி ஒட்டினேன்:
முழு அட்டையாக மட்டுமே தரப்படும்.
கத்தரியைப் பரண்மேல் போட்டாயிற்று.

நேற்று ஒருவர் அதை வாசித்தார்.
சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார்.
திரும்ப ஒருமுறை வாசித்தார்.
ஸ்டூலைப் போட்டு ஏறி நான் பரணைத் துழாவுவதற்குள்
சிக்னல் விழுந்து
சாலையைத் தாண்டிவிட்டிருந்தார்.