விளிம்புப் பரவல்

மலையிலிருந்து விழும் கல் ஒரு மாறி.
கடலிலிருந்து ஏறும் அலை இன்னொன்று.
நடுவே, ரெயூனியனில்,
சாந்தெனிக்குப் போகும் நான்கு தடச் சாலை.

சார்பற்றவை என்று கொண்டால்
பெருக்கினால் போதும்:
நூற்றாண்டுக்கு ஒருமுறை.
ஒப்பந்தக்காரர் சிரிக்கிறார்.

ஆனால் புயல்
இரண்டையும் ஒரே கையால் எறிகிறது.

மழையை நிரையில் வைத்தேன், அலையை நிரலில்;
கூட்டியதை விளிம்பில் எழுதினேன்.
மொத்தம் பிசகாமல் ஒன்று வந்தது.
கீழ்க்கோடிக் கட்டத்தில் மட்டும் சுழியம்.
பேய்மழையும் பேரலையும் சேர்ந்து
ஒருநாளும் இல்லையாம்.

"அந்த இரவு
மழைமானியைக் கடல் கொண்டது" என்றான்
பதிவேடு வைத்திருந்த ழான்-மரி வீரப்பின்.
"விடிந்ததும் நான் எதை எழுத?"

சுழியத்தை அழித்தேன்.
கட்டம் வெறுமையாகக் கிடக்கிறது.
விளக்கெரிய
வண்டிகள் அதன்மேல் போகின்றன.