தண்ணீர் முறை

*ஷாலா பள்ளத்தாக்கு, வட அல்பேனியா*

மூன்றாம் இரவுதோறும்
பத்திலிருந்து இரண்டு வரை
தண்ணீர் என்னுடையது.
ஊரறியும். மலையறியும்.
லேக்காவும் அறிவான்.

பதினொன்றரைக்கு வாய்க்கால் மெலிகிறது.
சத்தத்திலேயே தெரிந்துவிடும்,
பேசிக்கொண்டிருந்தவர்
சட்டென்று குரலைத் தாழ்த்தினாற்போல.
லாந்தரோடு ஏறுகிறேன்.
மேல்மடையில் என் கல்லைப் புரட்டித்
தன் சோளத்துக்குத் திருப்பியிருக்கிறான்.
கல்லை மறுபடி வைக்கிறேன்.
சேறு பூசுகிறேன்.
இறங்கி வந்து
கண்ணாடி ஜாடியில்
பெரிய வெள்ளை பீன்ஸ் விதை ஒன்றைப் போடுகிறேன்.

எத்தனை முறை என்று கேட்டபோது
எழுபது ஏழுகள் என்றார்
பங்குத்தந்தை அந்த்ரேயா.
கூட்டுப்பண்ணையில் பதினோரு வருஷம்
பால் கணக்கு எழுதியவள் நான்.
நானூற்றுத் தொண்ணூறு என்றேன்.
அவர் சிரித்தார்.
நான் சிரிக்கவில்லை.
கணக்கென்று ஒன்று இருந்தால்
முடிவென்றும் ஒன்று இருக்கும்;
அந்த நம்பிக்கையில்தான்
முதல் விதையைப் போட்டேன்.

இதே மடையில்தான்
என் மாமனாரின் தகப்பன் சுடப்பட்டார்.
பதிலுக்கு அவர்கள் வீட்டில் ஒருவர்.
அந்தப் பதிலுக்கு ஒரு பதில்.
என் கணவன் நாலு வருஷம்
ஜன்னலுக்குக் கல் அடுக்கி உள்ளேயே இருந்தான்.
வெளியே வந்த பிறகும்
சாகும்வரை வெயில் அவனுக்குக் கூசியது.
துப்பாக்கி இன்னும் சுவரில்.
மகன் ப்ரேன் அதை இறக்கித் துடைக்கும்போதெல்லாம்
நான் ஜாடியை உரக்க எண்ணுவேன்.

எட்டுக் கோடைகள்.
இருநூற்றுப் பதினேழு விதைகள்.
(முட்டைக்கோஸ் தின்ற அவன் ஆட்டையும் சேர்த்து.)

அந்தக் குளிரில் பனி பாதையை மூடியது.
மாவு தீர்ந்த ஆறாம் நாள்
ஜாடியைக் கவிழ்த்து ஊறவைத்தேன்.
வெங்காயம், காய்ந்த மிளகாய்,
கரண்டி நுனியில் கொழுப்பு.
லேக்காவின் குற்றங்கள்
குழைய வெகுநேரம் பிடித்தன.
ப்ரேன் இரண்டாவது தட்டு கேட்டான்.
நானும் தின்றேன். ருசியாகத்தான் இருந்தது.
இரவு வெறும் ஜாடியைப் பார்த்தபோது
கடன்பத்திரத்தைத் தொலைத்தவள்போல்
வயிற்றில் ஒரு பயம்.
இனி எதைக் காட்டி
அவனிடம் கேட்பேன்?

அப்புறம் ஜாடியில் உப்பு கொட்டிவைத்தேன்.

கோடை வந்தது.
பதினொன்றரைக்கு வாய்க்கால் மெலிந்தது.
ஏறினால், ஒளியாமல் நிற்கிறான் லேக்கா,
மண்வெட்டியில் சாய்ந்துகொண்டு.
முகம் நரைத்திருந்தது.
"சோளம் காய்கிறது" என்றான்.
வேறொன்றும் சொல்லவில்லை.
"என்னுடையதும்" என்றேன்.
கல்லைத் தூக்கும்போது ஒரு பக்கம் வழுக்கியது.
மறுபக்கத்தை அவன் பிடித்தான்.
பழக்கத்தில் பிடித்தானோ என்னவோ.
தண்ணீர் என் பக்கம் இறங்கியது.

மூன்று நாள் கழித்து
மறுபடியும் திருடினான்.

இது எத்தனையாவது என்றான் ப்ரேன்.
முதலாவது என்றேன்,
செருப்பைத் தேடிக்கொண்டே.
அவன் எதுவும் பேசாமல்
லாந்தர் கண்ணாடியைத் துடைத்துத் தந்தான்,
துப்பாக்கி துடைக்கும் அதே துணியால்.
வழியெல்லாம் எண்ணெய் வாடை.
வாய் அவனைத் திட்டிக்கொண்டேதான் வந்தது.
காலுக்கு வழி தெரியும்.