காப்பு

அம்பாசமுத்திரத்தில் எரிந்துபோன அரிசி ஆலையை
அளந்து முடிக்கையில் மணி இரண்டு.
உமிச்சாம்பல் சட்டைப்பைக்குள்ளும் புகுந்திருந்தது.
முதலாளி சாப்பிட அழைத்தார்.
இழப்பீடு கேட்கிறவர் வீட்டில் நாங்கள் கை நனைப்பதில்லை.
பஸ்ஸுக்கு நேரம் கிடந்தது.
திருவாலீஸ்வரம் பக்கந்தான் என்ற ஆட்டோக்காரன்
அங்க என்ன சார் இருக்கு என்றும் கேட்டான்.

வயல், வயல், ஒரு வற்றிய குளம்,
பிறகு பூட்டு.

சாவிக்காரர் தார்ச்சாலையில் காயப்போட்ட நெல்லைக்
காலால் கிளறிக்கொண்டிருந்தார்.
சங்கிலிபூதத்தான். தொல்லியல் துறை. தினக்கூலி.
"பூதம்னே கூப்பிடுங்க அண்ணாச்சி,
ஆபீசருங்களும் அப்படித்தான்."

விமானத்தின் மேல்பக்கம் வெயில்.
ஆடுகிறவர் ஒற்றைக் காலில் இன்னும் நிற்கிறார்.
காளைமேல் சாய்ந்தவருக்கு மூக்கு நுனி இல்லை.
சேதம், பகுதி, என்று கண் தானாகக் குறித்துக்கொண்டது.
பழக்கம்.
எங்கள் அட்டவணைப்படி எந்திரம் ஆண்டுக்குப் பத்து சதம் தேயும்.
காலையில் ஆலைக்காரரின் நெல் அவிக்கும் கொப்பரைக்கு
நான் போட்ட மதிப்பு பூச்சியம்.
அவர் ஒன்றும் பேசவில்லை.
கொப்பரையை விரல்முட்டியால் ஒருதரம் தட்டினார்.
சத்தம் நன்றாகத்தான் கேட்டது.

கூரைவரிக்குக் கீழே பூதங்களின் வரிசை.
ஒன்று தன் தொந்தியையே மத்தளமாக்கியிருக்கிறது.
ஒன்று சங்கூதிக் கன்னம் உப்பிக் கிடக்கிறது.
ஒன்று, யாரைப் பார்த்தோ, நாக்கைத் துருத்துகிறது.
தினமும் பூட்டுமுன் அவர் எண்ணிவிடுவாராம்.
எத்தனை என்றேன்.
"அதச் சொல்லக்கூடாது.
ஒருத்தர்ட்ட சொல்லிட்டா
மறுநாள் எண்ணாம இருந்துருவேன்."

சுவரெல்லாம் எழுத்து.
அவருக்கு வாசிக்கத் தெரியாது.
எப்போதோ வந்த ஒரு ஆபீசர் சொன்னதை
விரலைக் கல்லில் படாமல் ஓட்டி ஒப்பித்தார்:
மூன்று கை மகாசேனை என்றொரு படை.
இந்தக் கோயில், இதன் பண்டாரம், இதன் ஊழியர்
எல்லாம் இனி எங்கள் காவல் என்று
ஏற்றுக்கொண்ட படை.

இன்னொருதரம் சொல்லச் சொன்னேன்.
இருபத்தாறு வருஷமாகப் பாலிசி வாசிக்கிறவன்.
அவர் சொன்ன வரைக்கும்
தவணைத் தொகை இல்லை,
வெள்ளம், கலவரம், கடவுள் செயல் நீங்கலாக
என்று அடியில் பொடியெழுத்து இல்லை,
முடியும் தேதி இல்லை.
யார் கையெழுத்திடுவார் இதில்?

"அந்தப் படை எங்க?"
"அவுக போயி எம்புட்டோ காலமாச்சு.
இப்ப நாந்தான்.
மூணு மாசமாச் சம்பளம் வரல."
சொல்லிவிட்டுத் தன் கைகளைப் பார்த்தார்.
இரண்டுதான்.

வருகைப் பதிவேட்டை நீட்டினார்.
எனக்கு முந்தைய பெயர் பதினோரு நாள் பழசு.
ஜெபமணி ஆசீர், பாளையங்கோட்டை.
நோக்கம் என்ற கட்டத்தில் பேனா நின்றது.
"சாமி கும்புடன்னு போடுங்க."
நான் சபைக்காரன் என்றேன்.
"அப்ப சும்மான்னு போடுங்க."
சும்மா என்று எழுதினேன்.

அவர் எண்ண ஆரம்பித்தார்.
உதடு மட்டும் அசைந்தது.
நானும் கூடவே எண்ணினேன்.
மத்தளக்காரன் வரை சரியாக வந்தது,
மூலை திரும்புகையில் விட்டுவிட்டேன்,
மறுபடி முதலிலிருந்து.
நாலரை பஸ் வயலுக்கு அப்பால் ஹாரன் அடித்துப் போயிற்று.

பூட்டு விழுந்த பிறகு
வாசற்படியில் உட்கார்ந்து ஆலைக் கோப்பைப் பிரித்தேன்.
தாளுக்குள்ளும் சாம்பல்.
ஊதினேன்.
கொப்பரை, ஒன்று, என்ற வரியில்
பூச்சியத்துக்கு இடதுபக்கம்
கொஞ்சம் இடம் இருந்தது.