பட்டாணித் தெருவில் பதினொன்றரை மணி

ஜூன் மாதத்தில் தார்த்துவுக்கு இரவு
கடன் கேட்க வந்தவனைப் போல வரும்.
வாசலில் நின்று, தயங்கி,
உட்காராமலே போய்விடும்.
அந்தக் கொஞ்ச இருட்டுக்குள்
முள்ளெலி தன் வேலை அத்தனையும் முடித்தாக வேண்டும்.

எங்கள் பேட்டைக்குச் சூப்பு நகர் என்று பெயர்.
தெருக்களெல்லாம் காய்கறி.
பட்டாணித் தெரு மரவீட்டின் பின்படியில்
கம்பளிச் சட்டையோடு உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் சத்தம்தான் வரும்,
ருபார்ப் இலைக்கடியில் யாரோ சளி உறிஞ்சுவது போல.
பிறகு மூக்கு.
மூக்குக்குப் பின்னால் மிச்சம்.
நத்தையைக் கடிக்கிறது
வாயைத் திறந்துவைத்துக்கொண்டே, கொஞ்சமும் மரியாதையில்லாமல்.
பகலெல்லாம் பொய்ப்பல் கட்டுகிறவள் நான்,
மெல்லும் சத்தத்தில் வயது சொல்லிவிடுவேன்.
இதற்கு மூன்று இருக்கலாம்.
இடது கடைவாயில் ஏதோ கோளாறு.

பால் அதற்கு ஆகாது. தட்டில் தண்ணீர் வைக்கிறேன்.
குடிக்காமல், ஒரு காலை நனைத்துவிட்டுப் போகிறது.
இதை நன்றி என்று எடுத்துக்கொள்ள எனக்கென்ன பைத்தியமா.
ஆனாலும் தட்டைத் தினமும் தேய்த்துக் கழுவுகிறேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் கல்யூ.
அவருடைய புல்வெட்டி தானாகவே ஓடும்,
பச்சைக் கண் ஒன்றை விழித்துக்கொண்டு
ராத்திரி முழுக்க.
மே கடைசியில் போய்ச் சொன்னேன்:
அது ஓடாது, சுருண்டுகொள்ளும்.
நரியிடம் பலிக்கும் வித்தை
பிளேடிடம் பலிக்காது.
"முள் இருக்கிறதே ஹெல்வே, பார்த்துக்கொள்ளும்"
என்று கதவைச் சாத்தினார்.
பதினாறு நாள் முகம் பார்க்கவில்லை நாங்கள்.

நேற்று
புல்வெட்டி அவர் தோட்டத்தின் நடுவே நின்றிருந்தது
பாதி வரி வெட்டிய நிலையில், கண் அணைந்து.
வேலியோரம் வந்தார். பைஜாமா. வெறுங்கால்.
சட்டை முன்பக்கமெல்லாம் மண்.
விரல் நுனிகளில் சின்னச் சின்னச் சிவப்பு.
என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை.
"பாரமாக இருக்கிறது" என்றார்.
கொஞ்சம் கழித்து,
"நினைத்ததைவிட."

இன்று அவர் தன் பக்கம், கவிழ்த்த வாளியின் மேல்.
நான் என் பக்கம், படியில்.
கொசு. லைலாக் வாசனை.
ஆற்றங்கரையில் யாரோ சைக்கிளைப் பூட்டுகிற சத்தம்.
பன்னிரண்டு ஆகிறது.
தட்டில் தண்ணீர் அசையவில்லை.

"வராதோ?"

தெரியாது என்று சொல்ல நான் வாயெடுக்கையில்
அவர் சட்டென்று விரலை உதட்டுக்குக் கொண்டுபோனார்.
மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.
இலைகளைப் பார்த்தேன், புதரின் அடியைப் பார்த்தேன்,
வேலியின் ஓட்டையைப் பார்த்தேன்.

ஒன்றுமில்லை.
முள் குத்திய இடத்தை
உறிஞ்சிக்கொண்டிருக்கிறார் மனிதர்.