செல்லுபடி

வாரத்தில் ஆறு நாள்
மேல்விஷாரம் ஷூ கம்பெனியில்
தைத்து முடித்த ஜோடிகளைப் பெல்ட்டில் அனுப்பி
உள்ளே உடைந்த ஊசிமுனை உண்டா என்று
மெஷினைக் கேட்பது என் வேலை.
கத்தினால் பிரிப்போம்.
கத்தாதது ஜெர்மனிக்குப் போகும்.

ஏழாம் நாளும் அதே வேலைதான், சம்பளமில்லாமல்.
ஜக்கரியா கட்டிய டிடெக்டர்:
துடைப்பக் கம்பு, பிளாஸ்டிக் தட்டு,
தட்டின் முதுகில் செம்புக் கம்பிச் சுருள்,
இடது பக்கம் மட்டும் கேட்கும் ஹெட்போன்.
ஆற்காட்டில் மிக்ஸிக்குக் காயில் கட்டுகிறவன் அவன்.
"நவாப் காசு கீதுடா இங்க" என்பான்,
நவாப் அவனிடம் பாக்கி வைத்துவிட்டுப் போனதுபோல.

பாலாறு.
பெயரில் பால், படுகையில் கருவேலம்,
மணல் லாரி தின்ற பள்ளங்கள்,
காற்று திரும்பினால் ராணிப்பேட்டைத் தோல் நாற்றம்.
அவன் கேட்பான், நான் தோண்டுவேன்.
பீர் மூடி. பீர் மூடி. லாரி போல்ட்.
பழங்காசு கிடைத்தால் தாசில்தாரிடம் தரவேண்டுமாம்;
பீர் மூடியை யாரிடம் தருவது?
பிறகு ஒரு லாடம்.
நவாப்பின் குதிரை என்று அரைமணி நேரம் சாதித்தான்.
பாதி லாடம்டா, பிளந்த குளம்புக்கு அடிப்பது,
மாடு என்றேன்.
நவாப்பின் மாடு என்றான்.

பாலத்தின் மூன்றாம் தூணருகே
கத்தத் தொடங்கியது, நிற்கவில்லை.
ஒரு முழம்கூடத் தோண்டவில்லை.
பத்து ரூபாய், ஐந்து, பத்து, பத்து,
சேறு காய்ந்து ஒட்டிய இரண்டு ரூபாய்.
ஒன்றிலும் நவாப் இல்லை.

அந்தக் கார்த்திகையில் ஆற்றில் தண்ணீர் வந்தது.
ஊரே இந்தப் பாலத்தின் மேல்,
கற்பூரம் ஒரு கையில், செல்போன் ஒரு கையில்.
எந்தக் கடையும் வாங்காத பத்து ரூபாய்க் காசை
ஆறு மறுக்காமல் வாங்கிக்கொண்டது.

நானும் போட்டேன்.
வேலூர் ஆஸ்பத்திரியில் சசிரேகாவுக்கு
ரிப்போர்ட் வராத வாரம் அது.
பிறகு வந்தது. கட்டி இல்லை என்றார்கள்.
நேற்றுகூட ரசத்தில் உப்பில்லை என்று
என்னோடு சண்டை போட்டாள்.
உப்பைப் போட மறந்தது அவள்தான்.

நாற்பத்தேழு காசு, துண்டின் மேல்.
பெட்ரோலுக்கு ஆகும்டா என்றான்.
நான் பேசவில்லை.
இதில் என்னுடையது எது?
அதை எடுத்துவிட்டால்
ஆறு எதைத் திருப்பிக் கேட்கும்?
ஊசி தேடுகிறவன் நம்பக்கூடிய கணக்கில்லை இது.
ஆனாலும் துண்டை மடிக்கக் கை வரவில்லை.

அவன் என் முகத்தைப் பார்த்தான்.
"நானும்தான் போட்டேன்" என்றான்.
"நீயா?"
"எல்லாரும் போட்டாங்க. கை சும்மா இருக்கல."
"இன்னாடா கேட்ட?"
ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டான்,
கேட்காத பக்கம் என் பக்கம்.

மூன்றடி தோண்டிப் புதைத்தோம்,
இன்னொருவன் மெஷினுக்குக் கேட்காத ஆழத்தில்.
தண்ணீர் பாட்டிலில் மிச்சமிருந்ததை
அவன்தான் மேலே ஊற்றினான்.

கரையேறும்போது, சும்மா வீசிய வீச்சில்,
கருவேல வேரடியில்
மெல்லிசாக ஒரு சத்தம்.
கறுத்த செம்பு, கட்டைவிரல் நக அளவு,
இரண்டு பக்கமும் தேய்ந்து வழுவழு.
எச்சில் தொட்டுத் தேய்த்தான்.
கீழே கிண்ணம்போல் ஒரு கோடு, மேலே ஒரு புள்ளி.
"நூன்" என்றான்.
எனக்கு அது 'ப்'.

வாலாஜா பஸ் ஒன்று
பாலத்தின் மேல் ஹாரன் அடித்துப் போனது.
"அதுக்கு முன்னாடி இன்னா எழுத்து இருந்திருக்கும்?"
"உன்னுதுலயா, என்னுதுலயா?"
திருப்பித் திருப்பிப் பார்த்தோம்,
வெளிச்சம் போகும்வரை.