இடப்பக்கத் தேய்மானம்

எட்மன்டன். வெளியே மைனஸ் இருபத்தேழு.
மூன்றாம் இலக்க எக்ஸ்ரே அறையில்
எல்லோருக்கும் நான் சொல்வது ஒரே வாக்கியம்:
அசையாமல் படுங்கள்.

ரிம்மா சவேல்யெவ்னா சிரித்தார்.
"பதினாறு வருஷம்
அசைந்ததற்குத்தான் எனக்குச் சம்பளம்.
டிராக்டர் ஆலைப் பதிவேட்டில் நான் ஒரு ஃபிட்டர்.
அந்த ஆலையின் வாசலை
இரண்டு தரம் பார்த்திருக்கிறேன்."

திரையில் இடுப்பு வந்தது.
வலப்பக்க மூட்டில் இன்னும் கொஞ்சம் இருட்டு மிச்சம்.
இடப்பக்கம் எலும்போடு எலும்பு,
வெள்ளை வெளேரென்று.
நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்:
"தடம் எப்போதும் இடப்பக்கம்தான் திரும்பும்.
எங்கள் நாடு இடதுசாரி என்பதால் இல்லை.
இங்கேயும் அப்படித்தான்."

எண்ணூறு மீட்டர், இரண்டு சுற்று.
அதில் அவருக்குக் கொடுத்த வேலை
முதல் அறுநூறு.
முன்னே போ. காற்றை உடை.
வேகம் குறையவிடாதே.
பிறகு ஒதுங்கு.
மிச்ச இருநூறு பின்னால் வரும் ஸோயாவுக்கு;
பதக்கமும், தனிக் குளியலறை வைத்த வீடும்
அவளுக்கே.
'ஒதுங்கத் தெரிந்தவள்' என்று
பயிற்சியாளர் அறிக்கையில் எழுதினார்.
அதைவிடப் பெரிய பாராட்டு
அவருக்கு யாரும் தந்ததில்லை.

எண்பத்து மூன்று ஜூலை, இதே நகரம்.
இரவு பத்து மணிக்கும் இறங்காத சூரியன்.
பேருந்தில் ஏறும்போதும் இறங்கும்போதும்
தலைகளை எண்ணும் ஒரு மனிதர்.
அன்று அறுநூறாவது மீட்டரில்
ரிம்மா ஒதுங்கவில்லை.
"மறந்துவிட்டேன்" என்றாராம் விசாரணையில்.

"உண்மையில்?"

"கடைசி நேர்கோட்டை
முன்னால் ஒரு முதுகும் இல்லாமல்
நான் பார்த்ததே இல்லை.
அது அவ்வளவு சிவப்பு."

எட்டு மீட்டர் இருக்கையில்
நான்கு பேர் தாண்டிப் போனார்கள்.
ஸோயா அந்த நால்வரில் இல்லை.
அதோடு கடவுச்சீட்டு போயிற்று.
தொண்ணூற்றாறில், நாடே இல்லாமல் போனபின்,
மகளோடு இங்கே திரும்பி வந்து
பள்ளிக்கூடத் தரை துடைத்தார்.

அதே ஜூலையில், வெள்ளவத்தையில்,
என் அப்பா ஒற்றைச் சப்பாத்தோடு ஓடினார்.
யாரும் நேரம் குறிக்கவில்லை.
அதை நான் அவரிடம் சொல்லவில்லை.
ஓட்டம் என்பதற்கு
அவர் மொழியில் எத்தனை சொல் இருக்கிறதோ.

"இனி வலப்பக்கம் திரும்புங்கள்."
"வலப்பக்கமா?"
மேசை விளிம்பைப் பிடித்து
புதிய ஊரில் தெரு மாறுகிறவர் போலத்
திரும்பினார்.

போகும்போது கதிரையில் உட்கார்ந்து
பனிச்சப்பாத்தின் நாடாவைக் கட்டினார்.
விரல்கள் நடுங்கின. உதவ விடவில்லை.
"நாற்பத்தொரு விநாடி" என்றார்
தலை நிமிராமல்.

சுவர்க் கடிகாரத்தை
நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.
நாற்பத்தொன்று.