எண்பத்தேழில் ஒரு பங்கு

மீட்டர் மாடியில் இருந்தது.
செருப்பைக் கழற்றிவிட்டு வாங்க என்றார்
அபுதாகிர் ராவுத்தர், பல்செட் செய்கிறவர்,
முழங்கை வரை வெள்ளை மாவு.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறவள் நான்.
எண்ணைப் பார்ப்பேன், சீட்டைக் கிழிப்பேன், இறங்குவேன்.
இந்த முறை முப்பது யூனிட் கூடியிருந்தது.
ஃப்ரிட்ஜ் வாங்கினீர்களா என்று கேட்டேன்.
வாயைத் திறக்காமல்
பக்கத்து அறைக் கதவைத் திறந்தார்.

பாலக்காட்டு வலியங்காடி
என் இடுப்பு உயரத்தில் கிடந்தது.
மீட்டர்கேஜ் காலத்து அங்காடி,
எண்பத்தேழில் ஒரு பங்காய்ச் சுருங்கி.
வெல்ல மண்டி, புகையிலை மண்டி,
ஓடு பாதி சரிந்த அரிசிக் கிட்டங்கி,
அதன் பின்கட்டில் காயும் சிவப்புப் பாவாடை
கடுகளவு.
மூட்டை சுமப்பவன் முதுகில் வேர்வைக்கு
வார்னிஷ் ஒரு பொட்டு.
ஜன்னல் கண்ணாடி எல்லாம்
யார் யாருடைய கடைவாய்க்கோ எடுத்த எக்ஸ்ரே;
உற்றுப் பார்த்தால்
ஒரு மாடிவீட்டுக்குள் பல்லின் வேர் தெரிகிறது.

என் கண் கம்பத்துக்குத்தானே போகும்?
எண்ணினேன். நாற்பத்தொன்று.
தெருமுனையில், கம்பி திரும்புகிற இடத்தில்,
கம்பம் சாயாமல் இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பி.
அதன் நடுவே முட்டை இன்சுலேட்டர்,
எள்ளில் பாதி.
எங்கள் செக்‌ஷனில் ஓவர்சியருக்கே அது மறந்துபோகும்.
எதில் செய்தீர்கள் என்றேன்.
"பல்லில். மீந்த பல்லில்."

சுவிட்சைப் போட்டார்.
ஊசியில் நூல் கோக்கிற நிதானத்தோடு
பொள்ளாச்சி வண்டி டவுன் ஸ்டேஷனை விட்டது,
மண்டிகளின் முதுகை உரசுவதுபோல் வந்து
உரசாமல் வளைந்தது.
மூச்சு விட்டால் தடம்புரளுமோ என்று
மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

அப்போது பார்த்து நிஜ வண்டி வந்தது,
வீட்டுக்குப் பின்னால், பிராட்கேஜில்.
ஜன்னல் அதிர்ந்தது. மேசை அதிர்ந்தது.
வலியங்காடி முழுக்க ஆட்கள்
கால் எடுத்து வைக்காமல் நடந்தார்கள்
ஒரு மயிரிழை.

"ஒட்டவில்லையா?"
"வீடுகளை ஒட்டினேன்.
ஆட்களை ஒட்டவில்லை."

ஆறு வருஷம் முன்பு
மருந்துக்கடை வாசலில் வைத்த குடைக்காரி
இப்போது ரயில்வே கேட்டுக்கு ஒரு விரற்கடை தூரத்தில்.
வட்டிக்கடைக்காரர்கள் மூன்று பேரும்
ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காதபடி திரும்பிவிட்டார்கள்.
போலீஸ்காரர் ஓடையில் விழுந்து நாலு மாதம்.
எழுப்பி நிறுத்தலாமே என்றேன்.
"அவர் பாடு" என்றார் ராவுத்தர்.
நாய் மட்டும் வைத்த இடத்தில் இருக்கிறது.
அது ஈயம்.

பதினேழாம் கம்பத்தடியில்
தோல்பை மாட்டிய ஒருவன்
அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.
லைன்மேனா? எங்கள் ஆளா?
"இன்ஷூரன்ஸ் ஏஜெண்டாக வைத்தேன்,
பஸ் ஸ்டாண்டுப் பக்கம்.
தானாக அங்கே வந்து சேர்ந்தான்."

ராத்திரி விளக்கை அணைப்பதில்லையா என்று கேட்டதற்கு
இருட்டில் எப்படி நடப்பார்கள் என்றார்.
நாற்பத்தொரு அரிசி பல்பு,
ஆளுக்கு ஒரு வாட், விடிய விடிய, இரண்டு மாதம்.
மனக்கணக்குப் போட்டேன்.
முப்பது யூனிட் சரியாக வந்தது.

சீட்டைக் கொடுத்துவிட்டு
படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.
ஒருபோதும் பிடித்ததில்லை.

கீழே அங்காடியில் வெங்காய லாரி ஒன்று
பின்னால் எடுக்க முடியாமல் கத்திக்கொண்டிருந்தது.
முனைக் கம்பம் தெருப்பக்கம் சாய்ந்திருந்தது.
ஸ்டே கம்பி இல்லை.
இத்தனை வருஷம் இதன் நிழலில்தான் வண்டியை நிறுத்துகிறேன்.
நம்பரைக் குறித்துக்கொண்டேன்.
பையைத் தோளில் மாட்டி
அண்ணாந்து பார்த்தபடி
இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.